நெற்பயிர் மஞ்சளிப்பதும் அதன் காரணங்களும்

நடவு முடிந்த மூன்றாவது வாரத்தில் நெல் வயல் மஞ்சளித்துக் காணப்படுமாயின், குடியானவர் பெரும்பாலோர் செய்யும் முதற்காரியம் யூரியா மூட்டையைப் பிரிப்பதேயாகும். தழைச்சத்துக் குறைவினால் பயிர் வெளிறும் என்பது உண்மையே. ஆயினும், ஒரே வாய்க்காலில் நீர் பாயும் அடுத்தடுத்த மூன்று வயல்கள் ஒரே வாரத்தில் மஞ்சளித்தும், மூன்றுக்கும் காரணம் வெவ்வேறாயிருத்தல் கூடும். காரணம் அறியாது இடும் உரத்தினால் வரும் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. துங்ரோ நோய் கண்ட வயலில் இட்ட யூரியா பயிரைத் தேற்றாது. அந்நோயைப் பரப்பும் பச்சைத் தத்துப்பூச்சி பெருகுவதற்கே இடமளிக்கும்.

ஆகவே வரப்பில் நின்று நிறத்தை மட்டும் நோக்குதல் போதாது. வயலில் இறங்கி, மஞ்சளித்தது அடியிலையா, குருத்திலையா என்று முதலில் காணவேண்டும். தழைச்சத்து பயிரினுள் இடம்பெயரும் தன்மையுடையது. பற்றாக்குறை நேருங்கால், பயிர் முதிர்ந்த இலைகளிலுள்ள சத்தை எடுத்து இளந்தளிருக்கு அளிக்கின்றது. ஆதலின் அடியிலைகள் நுனியிலிருந்து மஞ்சளித்துக் காய, மேலிலைகள் ஓரளவு பசுமையாகவே நிற்கும். கந்தகமும் இரும்பும் அவ்விதம் எளிதில் பெயர்வன அல்ல. அவை குறைந்தால் இளவிலைகளே முன்னர் வெளிறும். கந்தகக் குறைவில் இலை ஒரே சீராக வெளிறும். இரும்புக் குறைவிலோ நரம்புகள் பசுமையாயிருக்க, இடைப்பகுதி மஞ்சளாகிப் பின்னர் இலை முழுதும் வெண்மையாகும். இது நீர் கட்டிய நடவு வயலில் அரிது. சுண்ணாம்பு மிகுந்த மேட்டு நிலத்திலும், நீர் வற்றிய நாற்றங்காலிலுமே பெரும்பாலும் காணப்படும். நாற்றங்காலில் நீர் கட்டுவதே பாதி வைத்தியம். மீதிக்கு 100 லிட்டர் நீரில் 1 கிலோ அன்னபேதியைக் கரைத்துத் தெளிக்கலாம்.

எல்லாவற்றினும் அதிகமாக ஏமாற்றுவது துத்தநாகக் குறைவேயாம். நட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் இளவிலையின் நடுநரம்பு அடிப்பாகத்தில் வெளிறும். கீழிலைகளில் துருப்பிடித்தாற்போன்ற புள்ளிகள் தோன்றி ஒன்றுசேரும். பயிர் ஒரே மட்டமாய் வளராது குட்டையும் நெட்டையுமாய் நிற்கும். புள்ளிகளைக் கண்டோர் நோய் என்றே கொள்வர். இமயமலை அடிவாரத்துத் தராய்ப் பகுதியில் 'கைரா' எனப் பெயர் பெற்ற பிணி இத்தகையதே. பந்த்நகர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பயிர்நோய் நிபுணர் ஒய். எல். நெனே அவர்கள், அது கிருமியால் வருவதன்று, துத்தநாகக் குறைவினாலேயே வருவது என்று 1966-ஆம் ஆண்டில் வெளியிட்டார். நோய்களை ஆராய்பவரே அதனை நோயன்று என்று கண்டுரைத்தது கவனிக்கத்தக்கது.

களர் நிலத்திலும், சுண்ணாம்பு நிலத்திலும், எந்நாளும் நீர் வடியாத பள்ளக்கால்களிலும் இக்குறை மிகுதி. மணிச்சத்தை அளவுமீறி இடுவதும் இதனை வளர்க்கும். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக ஸல்பேட்டை 20 கிலோ மணலுடன் கலந்து, நடவுக்கு முன்னர்த் தூவவேண்டும். சூப்பர் பாஸ்பேட்டுடன் இதனைக் கலத்தல் ஆகாது. குறை கண்ட நின்ற பயிருக்கு 100 லிட்டர் நீரில் 500 கிராம் துத்தநாக ஸல்பேட்டும் 1 கிலோ யூரியாவும் கரைத்துத் தெளிக்கலாம்.

மஞ்சள் நிறம் வயலில் பரவியிருக்கும் விதமும் ஒரு சாட்சியாகும். தழைச்சத்துக் குறைவு பெரும்பாலும் வயல் முழுவதும் பரந்திருக்கும். துங்ரோவோ திட்டுத்திட்டாகத் தொடங்கும். இலை நுனியிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சள் இறங்கும்; தூர் குறையும்; பயிர் குட்டையாகும். பயிரைத் தட்டினால் பச்சைத் தத்துப்பூச்சிகள் எழும்பக்கூடும். நோய் கண்ட தூரைக் குணப்படுத்தும் மருந்து இல்லை; அதனைப் பிடுங்கிப் புதைத்துப் பூச்சியை அடக்குவதொன்றே வழி.

குடியானவர் அநேகமாய்ப் பாராதது வேரை. ஒரு தூரை மண்ணோடு பெயர்த்து நீரில் அலசினால், நல்ல பயிரின் புதுவேர் வெண்மையாகவும், பழைய வேர் செம்பழுப்பாகவும் இருக்கும். வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசுமானால், சேற்றில் உண்டான கந்தக வாயு வேரைக் கெடுக்கின்றது என்றறியலாம். தழையுரத்தை மட்கவிடாது உடனே நட்ட வயல்களில் இது நேரிடும். வேர் கெட்ட பயிருக்கு எவ்வுரமும் எட்டாது. நீரை வடித்து, மண்ணில் மெல்லிய வெடிப்புக் காணும் வரை காயவிட்டு, மறுபடி பாய்ச்சினால் புதுவேர் ஓடும். செலவில்லாத இவ்வைத்தியத்தைப் பலர் நம்புவதில்லை!

இலை வண்ண அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது தழைச்சத்தை அளவாக இட உதவும் நல்ல கருவியே. ஆயினும் இலை வெளிறியிருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டும். ஏன் வெளிறிற்று என்பதைக் காட்டாது. கந்தகம் குறைந்த இலையை அட்டையில் ஒப்பிட்டாலும் யூரியா இடு என்றே அது சொல்லும்.

இவ்வளவு பார்த்தும் சந்தேகம் தீராவிடில், வயல் முழுவதற்கும் செலவழிக்குமுன் மஞ்சளித்த இடத்தில் மூன்று சிறு துண்டுகளைக் குச்சி நட்டுப் பிரிக்கலாம். ஒன்றில் யூரியாக் கரைசலை மட்டும் தெளித்து, மற்றொன்றில் துத்தநாக ஸல்பேட்டும் யூரியாவும் சேர்ந்த கரைசலைத் தெளித்து, மூன்றாவதை வெறுமனே விடவேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் எத்துண்டின் புதிய இலைகள் பசுமையாய் வருகின்றனவோ, அதுவே விடையளிக்கும். துங்ரோவாயின் எத்துண்டும் தேறாது.

பயிரை வேளாண்மை அலுவலரிடம் காட்டக் கொண்டுபோகிறவர், இலையை மட்டும் கிள்ளிச் செல்லாது, முழுத் தூரை வேர்மண்ணோடு ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துச் செல்லவேண்டும். அதே வயலில் நன்றாக உள்ள ஒரு தூரும் உடன் இருத்தல் அவசியம். நட்ட தேதி, இட்ட உரம், தெளித்த மருந்து, நீர் எத்தனை நாள் நின்றது என்பனவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு செல்க.