இணையவழி நூற்பட்டியலும் ஈழத்து நூல்களும்

1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. இங்கு கிடையாத நூலொன்று பிறநாட்டு நூலகமெதிலேனும் உண்டா என்பதை இன்று இணையவழி நூற்பட்டியல் மூலம் இருந்த இடத்திலிருந்தே அறியலாம். ஆயின், ‘பதிவு எதுவுமில்லை’ என்னும் விடையை ‘நூலே இல்லை’ எனக் கொள்ளுதல் பெருந்தவறாகும். ‘இப்பொருள் பற்றி முன்னர் எவரும் எழுதிலர்’ என ஆய்வேட்டில் எழுதுவதற்கு முன், தேடிய முறை சரிதானா என நோக்குதல் வேண்டும்.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் அதன் முறையைத் தழுவும் நூலகங்களும் தமிழ் நூற்பெயர்களை உரோமன் எழுத்துக்குப் பெயர்த்துப் பதிகின்றன. பல பதிவுகளில் தமிழ் வரிவடிவம் அறவே இல்லை; தமிழில் மட்டும் தேடுவோர்க்கு அவை அகப்படா. அம்முறை ஒலியைப் பின்பற்றுவதன்று, எழுத்தைப் பின்பற்றுவது. ‘சமூகம்’ என்பது ‘எஸ்’ எழுத்திலன்றிச் ‘சீ’ எழுத்தில் தொடங்கும். ககரம் எங்கு வரினும் ‘கே’ எழுத்தே. ழகரத்துக்குக் கீழ்க்கோடிட்ட ‘எல்’ எழுத்து வரும். நாம் பழகிய ‘இசெட்’, ‘எச்’ இணை வராது. கோடுகளையும் புள்ளிகளையும் பெரும்பாலான பட்டியல்கள் பொருட்படுத்துவதில்லையாதலால் அவற்றை விட்டுத் தட்டச்சிடலாம்.

இதனினும் நுண்ணிய இடர் புணர்ச்சியால் விளைவது. கணினி சொல்லை இடைவெளி கொண்டே பிரித்தறிகின்றது. ‘தமிழ்ச் சிறுகதை’ என்பதில் முதற்சொல் சகர மெய்யோடு முடிகிறது. ‘தமிழ்’ என்று தேடுபவர்க்கு அது தப்பிவிடக்கூடும். ‘தமிழில்’ என்பதை நம்மவர் ‘தமிழிற்’ என எழுதும் வழக்கமும் (இலக்கணப்படி செம்மையானதே!) இங்கு தடையாகின்றது. உரோமன் எழுத்தில் அடிச்சொல்லை மட்டும் தந்து அதன்பின் உடுக்குறியிடின், அதனை ஏற்கும் பட்டியல்கள் எல்லா வடிவங்களையும் காட்டும்.

ஆசிரியர் பெயரிலும் இத்தகைய சிக்கல் உண்டு. 1968 இல் ஒக்ஸ்போர்டில் வெளிவந்த தமது ஆங்கில நூலிற் பேராசிரியர் கைலாசபதி தம் பெயரை எழுதிய விதம் வேறு. தமிழ் நூல்களிலிருந்து அப்பெயரை எழுத்துப்பெயர்ப்புச் செய்யும்போது வரும் வடிவம் வேறு. இரண்டையும் ஒரு தலைப்பின்கீழ் இணைப்பது பட்டியலாளர் கடமை. அது யாண்டும் நிறைவேறியிருக்கும் என நம்புதற்கில்லை. இரு வடிவிலும் தேடுக.

பொருள்வழித் தேடலில், பொருத்தமான நூலொன்று கிடைத்ததும் அதன் முழுப் பதிவைத் திறந்து, அங்குள்ள பொருட்டலைப்பைத் தொடர்தல் நன்று. நம் நாட்டின் ஆங்கிலப் பெயர் 1972 இல் மாறியது. பொருட்டலைப்புகள் புதிய பெயரில் இருப்பினும், முந்திய ஆங்கில நூல்களின் பெயர்களில் ‘சிலோன்’ என்பதே நிற்கும்.

சஞ்சிகைக் கட்டுரைகளைப் பொதுவாக நூற்பட்டியல் தனித்தனியே பதிவதில்லை. ‘மறுமலர்ச்சி’யில் வந்த சிறுகதையைத் தேடுபவர் கதைப்பெயரை விடுத்துச் சஞ்சிகையின் பெயரைத் தேடல் வேண்டும். பின்னர், 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவிற் சேகரித்துவரும் நூலகம் வலைத்தளத்தில் அவ்விதழ்கள் உளவா எனப் பார்த்து, இதழிதழாகப் புரட்டுவதே வழி.