லைக் போடுறவங்க எல்லாரும் வாசகரா? எழுத வந்தவங்களுக்கு ஒரு கரிசல் காட்டுப் பதில்

"அண்ணே, ஏழு கதை போட்டுட்டேன். மொத்தம் நாப்பத்தி மூணு பேருதான் படிச்சிருக்காங்க. அதுல பாதி எங்க சொந்தக்காரங்க. பேசாம நிப்பாட்டிறட்டுமா?"

கோவில்பட்டி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தங்கை போனில் கேட்டாள். பகலில் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதும் வேலை. ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு செல்போனில் கதை தட்டுவாள். பிரதிலிபியில் போட்டு, ஃபேஸ்புக்கில் பகிர்ந்து, வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸும் வைப்பாள். கூடவே இன்னொன்றும் கேட்டாள். "எங்கூர்ப் பேச்ச விட்டுட்டுப் பொதுத் தமிழ்ல எழுதுனா நெறைய பேரு படிப்பாங்கன்னு ஒருத்தர் சொல்லுதாரு. மாத்திரட்டுமாண்ணே?"

முதல் கேள்வி பரவாயில்லை. எழுத வருகிற எல்லாரும் கேட்பதுதான். இரண்டாவது கேள்விதான் என்னைப் பதற வைத்தது. ஏனென்றால், அவள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது இடைசெவல்.

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் 1923-ல் இரண்டு பேர் பிறந்தார்கள். ஒருவர் கு.அழகிரிசாமி, இன்னொருவர் கி.ராஜநாராயணன். பின்னாளில் இருவருமே சாகித்ய அகாடமி விருது வாங்கியவர்கள். அழகிரிசாமி பத்திரிகை வேலைக்காகச் சென்னைக்குப் போய்விட்டார். கி.ரா ஊரிலேயே விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காதவர். இருவருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தவை கடிதங்கள். ஊரில் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார், எந்தப் பாட்டு நன்றாக இருந்தது என்று பேசுவது போலவே எழுதிக்கொண்டார்கள். கி.ரா கதை எழுத வந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டி. முதல் கதை 'மாயமான்' வந்தது 'சரஸ்வதி' என்ற இலக்கியப் பத்திரிகையில். அதை வாங்கிப் படித்தவர்கள் ஒரு சிறு வட்டம்தான்.

அதற்குப் பிறகு ஏறத்தாழ முப்பது வருஷம் கழித்து, எண்பதுகளில், ஜூனியர் விகடனில் அவர் ஒரு தொடர் எழுதினார். அதுவரை அவர் பெயரே கேள்விப்படாத பெருங்கூட்டம் வாரா வாரம் படித்தது. அந்தத் தொடரின் பெயர் 'கரிசல் காட்டுக் கடுதாசி'. கடுதாசி என்றால் கடிதம். ஒரு நண்பனுக்கு எழுதிப் பழகிய அதே குரலில்தான் ஊருக்கே எழுதினார்.

புதிதாக எழுதுகிறவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். 'எல்லாருக்கும் பிடிக்கணும்' என்று நினைத்து எழுதினால் எழுத்து யாரிடமும் பேசாது. முகம் தெரிந்த ஒரே ஒரு ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு எதை விளக்கணும், எதை விளக்க வேண்டாம், எங்கே சிரிப்பார் என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, அந்த நாற்பத்து மூன்று பேருக்கு வருவோம்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கதையின் லிங்க்கைப் போட்டால் இரண்டே நிமிஷத்தில் பத்துக் கட்டைவிரல் வந்து விழும். கதையைப் படிக்க எட்டு நிமிஷம் ஆகும் என்றால், அந்தக் கட்டைவிரல் எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். பாசம்தான், தப்பில்லை. ஆனால் அதை வாசிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஃபேஸ்புக் மாதிரித் தளங்கள் ஒரு பதிவை எல்லாருக்கும் காட்டுவதில்லை. இன்னாருக்கு இது பிடிக்கும் என்று கணித்து வரிசைப்படுத்தித்தான் காட்டுகின்றன. கமென்ட்டில் நாலு வரி எழுதுகிறவர், இன்னொருவருக்கு அனுப்புகிறவர், உங்கள் பழைய கதையைத் தேடிப் போய்ப் படிக்கிறவர் இவர்கள்தான் அங்கே எடை. 'நீங்க என்னை ஃபாலோ பண்ணுங்க, நான் உங்களைப் பண்றேன்' என்ற ஒப்பந்தத்தில் வந்த ஆயிரம் பேரும் தராசில் ஏற மாட்டார்கள்.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் கோவில்பட்டி காந்தி மைதானத்தில் சாயங்காலமானால் ஒரு கூட்டம் கூடும். தேவதச்சன், கோணங்கி, ச.தமிழ்ச்செல்வன், உதயசங்கர் என்று ஒரு பட்டியலே உண்டு. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துச் சண்டை போடுவார். தேவதச்சன் நகைக்கடை வைத்திருந்தவர். அந்தக் கடையும் இலக்கியம் பேசும் இடம்தான். அவர்கள் அங்கே கூடியது 'ரீச்' தேடி இல்லை. ஆனால் ஒருவருக்கொருவர் கறாரான முதல் வாசகர்களாக இருந்தார்கள்.

உங்களுக்கும் அப்படி ஐந்து பேர் வேண்டும். உங்களைப் போலவே இப்போது எழுத ஆரம்பித்திருக்கிற ஐந்து பேரைத் தேடிப் பிடியுங்கள். அவர்கள் எழுதியதை முழுசாகப் படியுங்கள். 'சூப்பர்', 'அருமை' போடாமல், எந்த வரியில் நின்றீர்கள், எங்கே சலிப்புத் தட்டியது என்று எழுதுங்கள். பெரிய எழுத்தாளர் பக்கத்தில் போய் உங்கள் லிங்க்கை ஒட்டுவதைவிட இது நூறு மடங்கு பயன் தரும். (அப்படி ஒட்டுகிறவர்களை யாரும் படிப்பதில்லை, எரிச்சல்தான் படுகிறார்கள்.)

கிழமை தவறாமல் எழுதுவதும் முக்கியம். ஜெயமோகன் மகாபாரதத்தை 'வெண்முரசு' என்ற பெயரில் 2014 ஜனவரி 1 அன்று தன் இணையதளத்தில் தொடங்கி, 2020 ஜூலையில் 26 நாவல்களாக முடித்தார். தினம் ஒரு அத்தியாயம். அவர் முன்பே பிரபலமானவர், நமக்கு அது ஒத்துவராது என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். வேலைக்குப் போகிறவர் தினமும் எழுத வேண்டியதில்லை. ஆனால் 'ஞாயிறு காலை இவங்க எழுதுவாங்க' என்று இருபது பேருக்குத் தெரிந்திருந்தால், அவர்களே திரும்பி வருவார்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: அந்தத் தளத்தில் வாசகர் கடிதங்களும் அவற்றுக்கான பதில்களும் தொடர்ந்து வெளியாகும். இங்கேயும் கடுதாசிதான்!

தளத்தை நம்பலாம். ஆனால் அது குத்தகை நிலம் என்பதை மறக்கக் கூடாது. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கை இந்தியாவில் தடை செய்தபோது, லட்சக்கணக்கில் ஆள் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே ராத்திரியில் வெறுங்கையோடு நின்றார்கள். எழுதியதற்கு ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். விரும்பிப் படிக்கிறவர்களிடம் கேட்டு மின்னஞ்சல் பட்டியலோ, வாட்ஸ்அப் சேனலோ தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முப்பது பேர் இருந்தாலும் போதும்.

இனி தங்கையின் இரண்டாவது கேள்வி.

ஊர்ப் பேச்சு புரியாது என்பது புதுப் புகார் இல்லை. கி.ரா அதற்காகத் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. 1982-ல் கரிசல் சொற்களுக்கு ஒரு வழக்குச் சொல்லகராதியே கொண்டுவந்துவிட்டார். 'கரிசல் கதைகள்' என்று அந்த மண்ணில் எழுதுகிற மற்றவர்களின் கதைகளையும் தொகுத்தார். அவருக்குப் பின்னால் அதே கரிசலிலிருந்து பூமணி 'அஞ்ஞாடி'க்காக 2014-லும், கோவில்பட்டி நூற்பாலையில் வேலை பார்த்த உருளைக்குடி சோ.தர்மன் 'சூல்' நாவலுக்காக 2019-லும் அகாடமி விருது வாங்கினார்கள். ஊர்ப் பேச்சு அவர்களுக்கு எங்கே தடையாக இருந்தது? பொதுத் தமிழில் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தீப்பெட்டி ஆபீஸுக்குள் நடக்கிற பேச்சை எழுத எத்தனை பேர் இருக்கிறார்கள்?

ஆனாலும் படிக்கிறவர் பாடுபடக் கூடாது. அதனால் அவளிடம் இரண்டு மாற்றம் மட்டும் சொன்னேன். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத சொல் வந்தால், அந்த வாக்கியத்திலேயே அர்த்தம் விளங்கும்படி எழுது. செல்போனில்தான் படிக்கிறார்கள், பத்தியைச் சின்னதாக உடை. 'விதியின் விளையாட்டு' மாதிரித் தலைப்பும் வேண்டாமே என்றேன். கொஞ்சம் கோபப்பட்டாள்.

மூன்று வாரம் கழித்து மறுபடி போன். எட்டாவது கதையை அறுபது பேர்கூடப் படிக்கவில்லை. ஆனால் திருப்பூரிலிருந்து முன்பின் தெரியாத ஓர் அம்மா நீளமாக எழுதியிருக்கிறார். பருத்திமாரை ஒடித்து அடுப்பில் வைக்கிற இடத்தைப் படித்ததும், சாத்தூர்ப் பக்கம் இருந்த தன் அம்மா வீட்டு அடுப்படி ஞாபகம் வந்துவிட்டதாம். அடுத்த கதை எப்போது என்றும் கேட்டிருக்கிறார்.

"அந்தம்மாவுக்குப் பதில் எழுதிட்டியா?"

"நேத்தே எழுதிட்டேன்ணே. ரெண்டு பக்கம்."