அடையாறு மருத்துவமனையைக் கட்டிய மாதர் சங்கம்

கே.ஜி.கண்டிகையிலிருந்தோ திருத்தணியிலிருந்தோ புற்றுநோய் சிகிச்சைக்கு ரயிலேறி சென்னைக்குப் போகிறவர்கள் பலர், அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குத்தான் போகிறார்கள். அதைத் தொடங்கியது யார் தெரியுமா? அரசாங்கமா? பெரிய பணக்காரரா?

இரண்டும் இல்லை. ஒரு மாதர் சங்கம்!

புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை, 1923-இல் புற்றுநோயால் இறந்துபோனார். ஒரு டாக்டராக இருந்தும் கண்ணெதிரே தங்கையைப் பறிகொடுத்த வேதனை அவரை விடவே இல்லை. இந்த நோய்க்கென்று ஒரு தனி மருத்துவமனை வேண்டும் என்று வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், தான் சார்ந்த இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் நிவாரண நிதி திரட்ட இறங்கினார். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காலத்தில் புற்றுநோய் என்றாலே பிழைக்க மாட்டார்கள் என்று கைவிட்ட ஜனங்களிடம் போய் நன்கொடை கேட்பது எவ்வளவு பெரிய துணிச்சல்!

1954-இல் மருத்துவமனை திறந்தபோது இருந்தது வெறும் 12 படுக்கைகள். இன்று சிகிச்சையோடு ஆராய்ச்சியும் அங்கே நடக்கிறது. வசதியில்லாத நோயாளிகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ வைத்தியம் பார்க்க, இப்போதும் பொதுமக்களின் நன்கொடை கைகொடுக்கிறது.

அதனால், உங்கள் வீட்டிலிருந்து யாராவது அங்கே போக வேண்டி வந்தால், பணம் கட்ட வழியில்லை என்பதைத் தயங்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.