வளைவில் எழும் ஓசை

இரயில் நிலையத்தில் வண்டி வந்து நின்றதும், நீண்ட பிடியுள்ள சுத்தியலால் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே செல்லும் தொழிலாளியை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். பழுதற்ற சக்கரம் மணியைப் போல் ஒலிக்கும். விரிசல் கண்ட சக்கரம் ஓட்டைப் பானையைப் போல் மந்தமாக ஒலிக்கும். கண்ணுக்குப் புலப்படாத குறையைக் காது கண்டுபிடித்துவிடும். தண்டவாளமே இல்லாத இந்த அந்தமானில், தாயகம் செல்வோருக்கு இரயில் சீட்டுப் பதிவு செய்து கொடுக்கும் குமாஸ்தாவாகிய நமக்கு மோட்டார் காரைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று வாசகர்கள் வினவலாம். அந்தச் சுத்தியல்காரரின் வித்தையே காருக்கும் வேண்டியிருக்கிறது என்பதுதான் நம் சமாதானம்.

இன்று நம்மவர் இல்லங்கள் பலவற்றில், இரண்டாம் கையாக வாங்கியதேனும், ஒரு கார் நிற்கிறது. நேரே செல்லும்போது அது வாய் திறப்பதில்லை. அபர்தீன் பஜார் மேட்டில் ஏறித் திரும்பும்போதோ, சிடியாடாப்பு செல்லும் சாலையின் வளைவுகளிலோ மட்டும் முன்சக்கரத்தின் பக்கம் 'டக் டக்' என்று ஓர் ஓசை எழுகிறது. இவ்வோசையின் காரணத்தை அறியாமல் பணத்தைச் செலவிடுவது எங்குமே நஷ்டந்தான்; இங்கோ இரட்டை நஷ்டம். வேண்டிய உறுப்பு கடைத்தெருவில் இல்லையென்றால் சென்னையிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ கப்பலில் வரவேண்டும். நாம் அறிந்த ஒரு குடும்பத்தில், ஓசை கேட்டவுடன் 'ஷாக் அப்ஸார்பர் போய்விட்டது' என்று ஒரு பட்டறையில் சொன்னதை நம்பி, இரண்டையும் தருவித்து மாற்றினார்கள். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்திற்கென்று ஒதுக்கிய தொகையில் பெரும்பகுதி அதில் கரைந்தது. ஓசை மட்டும் கரையவில்லை! வேறொருவர் சக்கரத்தின் உட்புறம் குனிந்து பார்த்தபோதுதான், ஒரு ரப்பர் உறை கிழிந்து தொங்குவது தெரிந்தது.

அந்த உறையின் கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 2014இல் உற்பத்தி நின்ற அம்பாஸிடரில் எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்குச் சென்றது. முன்சக்கரங்களுக்குத் திசை திருப்புவது ஒன்றே வேலை. 1983இல் மாருதி 800 வந்தபின் முன்சக்கரங்களே வண்டியை இழுக்கும் முறை நம் நாட்டில் பரவிற்று. இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்றால், எஞ்சினிலிருந்து வரும் தண்டு எந்தக் கோணத்தில் ஒடிந்தாலும் தடையின்றிச் சுழலவேண்டும். பழைய சிலுவை மூட்டில் கோணம் அதிகமானால் சுழற்சி சீராக இராது. ஒரே சுற்றில் இருமுறை விரைந்து இருமுறை தளரும். ஃபோர்டு கம்பெனியின் பொறியாளர் ரெஸெப்பா என்பவர் 1920களில் இதற்கு ஒரு பரிகாரம் கண்டார். பள்ளம் வெட்டிய இரு கிண்ணங்களுக்கிடையே ஆறு எஃகுக் குண்டுகளை வைத்த மூட்டு அது. 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'மினி' என்ற சிறு கார் இவ்வகை மூட்டைக் கொண்டே புகழ்பெற்றது. நம் பட்டறைகளில் இதற்குச் 'சி.வி. ஜாயின்ட்' என்று பெயர்.

இக்குண்டுகளுக்குக் கிரீஸே உயிர். அதைக் காத்து நிற்பது மடிப்பு மடிப்பான அந்த ரப்பர் உறை, 'பூட்' என்பார்கள். உறை கிழிந்தால் சுழற்சியில் கிரீஸ் வெளியே சிதறும். சேறும் மணலும் உள்ளே புகும். வருஷத்தில் பாதிக்கு மேல் மழையும், காற்றிலேயே உப்பும் உள்ள ஊரில் பிறகு என்ன மிஞ்சும்? பள்ளங்கள் தேய்ந்து, சக்கரம் ஒடிந்து திரும்பும்போது குண்டுகள் இடறி 'டக் டக்' என்கின்றன. வேகம் கூடினால் அந்தத் தாளமும் விரைவாகும் என்பது இதன் முக்கிய அடையாளம்.

சக்கரத்தோடு தாளம் போடாத ஓசை வேறு இனம். மேடு பள்ளத்திலும், வண்டி ஒருபுறம் சாயும்போதும் 'கடக்' என்று தனித்துக் கேட்டால், சாய்வைத் தடுக்கும் கம்பியின் 'லிங்க்' தேய்ந்திருக்கலாம். வண்டி நிற்கும்போதே ஸ்டியரிங்கை ஒடிக்கையில் 'டங்' என்றால், ஷாக் அப்ஸார்பரின் மேல்தாங்கியைச் சந்தேகிக்கவேண்டும். தட்டுதலாக இல்லாமல் வளைவில் உறுமலாகக் கேட்பது பெரும்பாலும் சக்கர பேரிங். இவற்றுக்கெல்லாம் முன்பாக டிக்கியைத் திறந்து, ஜாக்கியும் ஸ்டெப்னியும் இறுகியிருக்கின்றனவா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். உருளும் தேங்காய்க்கு மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

சோதிக்கும் முறை எளிது. வாகனங்களற்ற வெட்டவெளியில் ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து, மிக மெதுவாக இடப்புறம் ஒரு வட்டமும் வலப்புறம் ஒரு வட்டமும் ஓட்டுங்கள். கண்ணாடிகள் இறங்கியிருக்கட்டும், வீட்டார் ஒருவர் தள்ளி நின்று கேட்கட்டும். வளைவில் பாரம் வெளிப்புறச் சக்கரத்தின்மீதே சாய்வதால், இடப்புறம் திரும்பும்போது ஓசை வந்தால் பெரும்பாலும் வலச் சக்கரத்தின் மூட்டே குற்றவாளி.

உறை மட்டும் கிழிந்து ஓசை இன்னும் தொடங்காதிருந்தால், மூட்டைக் கழுவிப் புதுக் கிரீஸ் இட்டு உறையை மாற்றுவதே போதும்; செலவு சொற்பம். ஓசை தொடங்கியபின் உறையை மாற்றுவதால் தேய்ந்த பள்ளம் மீளாது. மூட்டையே மாற்றவேண்டும். ஆயினும் அதற்கு உறுப்பு வரும்வரை ஊருக்குள் நிதானமாக ஓட்டலாம். ஒத்திப்போடக் கூடாதவை இரண்டு: தளர்ந்த சக்கர நட்டுகள், கீழ்த்தாங்கியிலுள்ள 'பால் ஜாயின்ட்'. முன்னதில் சக்கரம் கழன்றோடும். பின்னது கழன்றால் சக்கரம் மடிந்து வண்டி கைவிட்டுப் போகும். நட்டுகளை ஸ்பானர் கொண்டு நாமே இறுக்கிப் பார்க்கலாம். மற்றதற்குச் சக்கரத்தைத் தரையைவிட்டுத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் வண்டிக்கடியில் புகவேண்டாம்.

ரங்கத்துக்கோ டிக்லிப்பூருக்கோ குடும்பத்துடன் செல்பவர்கள் இதில் மிகவும் கவனமாயிருக்கவேண்டும். ஜிர்காடாங்கில் வண்டிகளை அணிசேர்த்துக் காவலருடன் அனுப்புகிறார்கள். அங்கிருந்து மிடில் ஸ்டிரெய்ட் வரை ஜாரவா மக்களின் காப்பகம். வழியில் நிறுத்த அனுமதி இல்லை, நிறுத்தினாலும் பட்டறை இல்லை. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு, 'போகப் போகச் சரியாகும்' என்று அந்தக் காட்டுக்குள் நுழைவது தகாது.

ஆகவே வரும் ஞாயிறன்று கார் கழுவும்போது ஸ்டியரிங்கை ஒருபுறம் முழுதும் ஒடித்து வைத்து, முன்சக்கரத்தின் பின்னே டார்ச் விளக்கை அடித்துப் பாருங்கள். பிறகு மறுபுறம் ஒடித்து மற்ற சக்கரத்தையும் பாருங்கள். ரப்பர் மடிப்புகளை விரலால் விரித்துப் பார்த்தால் நுண்ணிய வெடிப்பும் தெரியும். சக்கரத்தின் உட்சுவரில் கறுத்த கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தால் உறை கிழிந்துவிட்டது என்று கொள்ளலாம். பட்டறைக்குச் செல்லும்போது அந்த இடத்தைக் காட்டியே பேச்சைத் தொடங்குங்கள்.