அழிக்காமல் விட்ட பொருள்கள்

உலோகத் தகட்டில் வெப்பம் பரவும் முறையைக் கணிப்பொறியில் கணக்கிடுவது என் ஆய்வு. பொங்கலுக்கு ஊர் செல்லச் சீட்டும் எடுத்திருந்தேன். இரண்டு நாள் ஓடிய கணக்கு நள்ளிரவில் நின்றது. சமன்பாட்டில் பிழையில்லை, நினைவகம் தீர்ந்துவிட்டது! ஊர்ப்பயணமும் போயிற்று.

நான் கையாள்வது, அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் 1991-இல் தொடங்கப்பெற்ற 'பெட்சி' என்னும் மென்பொருள். அதில் திசையன், அணி ஒவ்வொன்றும் ஒரு பொருள். ஆக்கியவரே அழிக்கவும் வேண்டும். பத்து இலட்சம் எண்கள் கொண்ட திசையன், எண்ணுக்கு 8 பைட்டாக, 80 இலட்சம் பைட் கொள்ளும். நானோ காலப்படிதோறும் புதிதாக ஒன்றை ஆக்கி, அழிக்காமல் விட்டேன். ஆயிரம் படிக்கு 800 கோடி பைட்! என் கணிப்பொறியில் இருந்ததே அவ்வளவுதான்.

'அழி' என்றதும் பொருள் அழிந்துவிடுமா? அங்கேதான் நுட்பம். ஓர் அணியைத் தீர்வு காணும் பொருளிடம் கொடுத்தால் அதுவும் அணியைப் பற்றிக்கொள்கிறது. பற்றியோர் எண்ணிக்கை இரண்டாகிறது. நாம் 'அழி' என்றால் ஒன்று குறையும். சுழியானால்தான் இடம் திரும்பும். விடுதி அறையில் இருவர் இருக்க, ஒருவர் காலி செய்தால் வார்டன் அதனைக் காலி அறையென்று எழுதுவாரோ? தீர்வு காணும் பொருளையும் அழித்தாக வேண்டும்.

நண்பர்களே, 'லாக் வியூ' என்ற தெரிவைச் சேர்த்து ஓட்டுங்கள். ஆக்கியவை, அழித்தவை இரண்டின் எண்ணிக்கையும் இறுதியில் வரும். ஐம்பது படிகள் ஓட்டினேன்: ஆக்கிய திசையன் 62, அழித்தது 12. பின்னர் ஒன்றையே ஒருமுறை ஆக்கி, எல்லாப் படிகளிலும் பயன்படுத்தி, முடிவில் அழித்தேன். இப்போது ஆக்கியது 13, அழித்தது 13.