கலைவிழாவும் சட்டத்தின் துணையும்

ஊர் கூடித் தேர் இழுத்தல் நம் முன்னோர் வழக்கு. பிழைப்பின் பொருட்டு வெளியூரில் குடியேறிய நமக்கோ, தேர் இழுக்குமுன் வீதியைக் கேட்டுப் பெறவேண்டியுள்ளது. சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஒரு கலைவிழா எடுக்க நினைக்கும்போதெல்லாம், “சர்க்கார் அனுமதி கிடைக்குமா?” என்ற கேள்வியே முதலில் எழுகின்றது. சட்டம் என்றாலே தடை என்று எண்ணிப் பழகிவிட்டோம். அது முழு உண்மையன்று. விழா எடுப்போர்க்குத் துணைநிற்கும் சட்டங்களும் உள்ளன. அவற்றை அறிந்து, உரிய காலத்தில் பயன்படுத்திக் கொள்வதே நாம் செய்யத்தக்கது.

இவ்வூர்கள் நமக்கு முற்றிலும் அயலூர்களும் அல்ல. 1911-இல் அமைந்த சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர இராஜ்யம் பிறக்கும் வரை சென்னையோடு சேர்ந்திருந்தது. பின்னர், 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி, 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை இராஜ்யத்தை அடைந்தது. எல்லைக்கோடு மாறிற்று, கலை மாறவில்லை. சித்தூர்ச் சீமையின் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவும் பாரதக் கூத்தும் இன்றும் நடைபெறுகின்றன. தமிழரும் தெலுங்கரும் ஒரே களத்தில் அமர்ந்து கண்டு களிக்கின்றனர்.

சட்டங்களுள் முதற்கண் நினைக்கத்தக்கது நமது அரசியலமைப்பு. தமக்கென மொழியோ, எழுத்தோ, பண்பாடோ உடைய எந்தப் பிரிவினரும் அதனைப் பாதுகாத்துக் கொள்ளும் உரிமை உடையர் என்று 29-ஆம் பிரிவு கூறுகின்றது. நாடகங்களைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் அளித்த 1876-ஆம் ஆண்டின் சட்டமோ, 2018-இல் ஏட்டிலிருந்தே நீக்கப்பெற்றது. ஆகவே, நாம் விழா எடுப்பது எவரும் இரங்கித் தரும் சலுகையன்று, உரிமையே ஆகும்.

உரிமை இருந்தால் மட்டும் போதுமா? அதனைக் கேட்டுப் பெறுவதற்கு ஓர் அமைப்பு வேண்டும். 2001-ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேசச் சங்கப் பதிவுச் சட்டப்படி, கலை, இலக்கியம், பண்பாடு போன்ற நோக்கங்களுக்காக எழுவர் ஒன்றுகூடினால் ஒரு சங்கத்தைப் பதிவுசெய்யலாம். பதிவுபெற்ற சங்கம் தன் பெயரால் மண்டபம் கேட்கலாம். வங்கியில் கணக்குத் தொடங்கலாம். வரவு செலவை எல்லோர்க்கும் காட்டலாம். தனியொருவர் தலையில் கடன் விழும் நிலை இதனால் பெரிதும் குறையும்.

அடுத்தது ஒலிபெருக்கி. விழாக்களில் பெரும் மனத்தாங்கல் விளைவது இதனாலேயே. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியும் வாத்திய முழக்கமும் கூடா. கூத்தோ இரவு 10 மணிக்குப் பின்னரே களைகட்டும் கலை. விடியும் வரை நீள்வது அதன் மரபு. எனினும், பண்பாட்டு விழாக்களுக்கும் சமய விழாக்களுக்கும் ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல், இரவு 12 மணி வரை ஒலிபெருக்கி வைக்க மாநில அரசு இசைவளிக்கலாம் என்று அவ்விதிகளே இடம் தருகின்றன. 2005-இல் உச்ச நீதிமன்றமும் இவ்விலக்கை ஏற்றது. மூடிய மண்டபத்தினுள் நடப்பதற்கு அந்த இரவுத் தடையும் இல்லை.

ஆனால், அந்நாட்கள் எவை என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பெற வேண்டும் என்பதும் விதியாகும். இதனை அன்பர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் நன்கு அறிந்தது ஒன்று உண்டு: டைம் டேபிளில் இல்லாத வண்டிக்கு நினைத்தவுடன் லைன் கிளியர் கிடைப்பதில்லை. விழாவும் அத்தகையதே. நாட்பட்டியல் முடிவாகுமுன்னரே நமது விண்ணப்பம் மாவட்ட அதிகாரிகளைச் சென்றடைய வேண்டும். 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டமையால், சித்தூரில் கொடுத்த மனு திருப்பதிக்குச் செல்லுபடியாகாது. இரண்டு ஊர்களிலும் விழா எடுப்போர் இரண்டு மனுக்கள் தருதல் வேண்டும்.

பொருள் வகையிலும் சட்டம் கைகொடுக்கின்றது. நாடகம், நாட்டியம், இசை நிகழ்ச்சி ஆகியவற்றின் நுழைவுக் கட்டணம் ஒருவர்க்கு 500 ரூபாய்க்கு மேற்படாதாயின் சரக்கு சேவை வரி இல்லை. நாட்டுப்புறக் கலையோ செவ்வியல் கலையோ நிகழ்த்தும் கலைஞர் பெறும் ஊதியம் ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் இருப்பின் அதற்கும் வரிவிலக்கு உண்டு. கலைஞர்களைப் பெறும் வகையில், தஞ்சாவூரில் 1986-இல் நிறுவப்பெற்ற தென்மண்டலப் பண்பாட்டு மையத்தையும் நாடலாம். அதில் ஆந்திரப் பிரதேசமும் உறுப்பு மாநிலமே.

இத்தனை முயற்சியும் எதற்காக? தெலுங்குப் பள்ளியில் பயிலும் நம் குழந்தைகள் தமிழை வீட்டுக்குள் மட்டும் கேட்டு வளர்கின்றனர். தாய்மொழி சபையில் ஒலிக்க, அதற்கு அயலார் கைதட்டக் காணும் பிள்ளைக்கு அம்மொழிமீது மதிப்புப் பிறக்கும். காணாத பிள்ளை அதனை அடுக்களைப் பேச்சென்றே கருதிவிடும். தெலுங்கு அன்பர்களின் ஹரிகதைக்கும் வீதி நாடகத்துக்கும் நம் மேடையில் இடமளிப்போமாயின், விழா ஊர் விழாவாகவே ஆகிவிடும்.

சட்டம் பந்தற்கால் போன்றது. நிழல் தரும் கீற்றை நாம்தான் வேய வேண்டும். எழுவர் முன்வந்தால் சங்கம் உண்டு. காலத்தில் ஒரு மனு எழுதினால் விழா உண்டு. அந்த எழுவரைத் தேடும் பணியை இம்மாதமே தொடங்குவோமாக!