கணினிக்குள் ஒரு கவர்னர்

கவர்னர் என்னும் சொல் இராயபுரத்திற்குப் புதியதன்று. அவ்வூர்ப் புகைவண்டி நிலையத்தை 1856-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் திறந்துவைத்தவர் சென்னைக் கவர்னர் ஹாரிஸ் பிரபு. ஆயின் நீராவி யந்திரங்களுக்கும் அப்பெயருடைய ஓர் உறுப்பு உண்டு. 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் யந்திரத்திற் பொருத்திய அது, சுழலும் இரு குண்டுகளேயாம். வேகம் மிகின் குண்டுகள் விரிந்தெழும். நீராவி வரும் வழி சுருங்கும்.

அப்பெயரே இன்று லினக்ஸின் கருவாகிய கெர்னலுக்குள்ளும் வழங்குகின்றது. கணக்கிடும் சில்லின் துடிப்பை வேலை மிகுந்தபோது கூட்டவும் ஓய்ந்தபோது குறைக்கவும் கட்டளையிடும் பகுதிக்குக் கவர்னர் என்றே பெயர். இதனால் வரும் ஆதாயம் பெரிது. துடிப்பைப் பாதியாகவும் மின்னழுத்தத்தை முக்காலாகவும் குறைத்தால், இயக்கத்திற்காகும் மின்திறன் முன்னையதில் ஏறத்தாழ 28 விழுக்காடே.

ஆயினும் இங்கொரு முறைமை உண்டு. ஏறும்போது முதலில் அழுத்தம், பின்னர் துடிப்பு. இறங்கும்போது முதலில் துடிப்பு, பின்னர் அழுத்தம். மாறிச் செய்யின், போதிய அழுத்தமின்றி விரையும் சில்லு நின்றுவிடும்; அன்றேல் நில்லாமலே தவறாகக் கணக்கிடும். நிற்பதனினும் இதுவே கொடிது. துறைமுகத்திற் பெட்டிகளை எண்ணும் கணினியொன்று இவ்வாறு பிழைபடுமாயின், அதனை அறிவிப்பார் யார்?

ஆகையால் கணினியை நாள் முழுதும் கடுமையாக உழைக்கவிட்டுப் பார்த்தல் மட்டும் போதிய சோதனையாகாது. ஒரே வேகத்தில் ஓடும்போது இக்குற்றம் வெளிப்படாது. மாறும் கணத்திலேயே பதுங்கியிருக்கும். இப்பகுதியைப் பேணுவோருள் ஒருவரான விரேஷ் குமார் எழுதிய சோதனைகள், துடிப்பை மேலும் கீழுமாக மாற்றும், ஒரு கவர்னரை இறக்கி மற்றொருவரை ஏற்றும் (பதவி நிலையாமை அங்கும் உண்டு போலும்!), கணினியை உறங்கவைத்து எழுப்பும்.

எங்கள் வீட்டுப் பழைய மடிக்கணினி, புதிய கெர்னல் ஒன்றை இட்டபின், சிலபோது உறங்கினால் விழிக்காது. குற்றமுடைய திருத்தத்தை என் தமையனார் தேடினார். நல்ல பதிப்பிற்கும் கெட்ட பதிப்பிற்கும் நடுவிலுள்ளதைச் சோதித்துப் பாதியைத் தள்ளிவிடுவதே வழி. ஆயிரம் திருத்தங்களாயினும் பத்துச் சோதனையில் முடியும். ஆனால் ஒருமுறை விழித்தது கொண்டு ஒரு பதிப்பை நல்லதென்று குறித்துவிட்டோம். அக்குறிப்பொன்றே பிறவற்றையெல்லாம் வழிமாற்றிவிட்டது. இரண்டாந்தடவை அவர் ஒவ்வொரு பதிப்பாக ஆக்கித்தர, நான் மூடியை முப்பது முறை மூடித் திறந்து எண்ணினேன். முன்பு நல்லதென்று குறித்த அப்பதிப்பு, இருபத்துமூன்றாம் முறை விழிக்கவில்லை.